நாலு தரம் முப்பத்திரண்டு

கண்ணாடி மேசையில் மூன்றை எடுத்து வைத்தார் ஃபாயிஸ் நானா.
ஒன்று விரல் தடிப்பு, மூவாயிரத்து ஐந்நூறு.
ஒன்று பெரிய வாய்க்காரன்,
திருகத் திருகக் கிட்டே வருவான், இருபத்திரண்டாயிரம்.
நடுவில் இது.
நாலு தரம் முப்பத்திரண்டு என்று கழுத்தில் எழுதியிருந்தது.

"எதுக்கு அடிக்கப் போறீங்க, தங்கச்சி?"
குரங்குக்கு என்றேன். முள்ளம்பன்றிக்கும்.
"இந்தக் காத்துத் துவக்கால முள்ளம்பன்றிக்கு
முதுகு சொறிஞ்சு விடத்தான் ஏலும்."
குரங்கையும் விரட்டத்தான்.
வாலடியில் ஒன்று சுள்ளென்று பட்டால்
கூட்டத்துக்கெல்லாம் அதுவே போய்ச் சொல்லிவிடும்.

நானா ஒளித்துப் பேசவில்லை.
சின்னதில் பார்ப்பது சாவித்துவாரத்தில் பார்ப்பது,
விடியலில் அதுவும் இல்லை.
பெரியது நூறு கெஜத்துக்குச் செய்த கண்,
முப்பது அடியில் நிற்கிற லீக்ஸ் பாத்தி
அதற்கு வெறும் பச்சைப் புகை.
ஸ்பிரிங் துவக்கு முன்னுக்கும் உதைக்கும், பின்னுக்கும் உதைக்கும்,
மட்டச் சாமான் ரெண்டு மாதத்தில் உள்ளுக்குள் கழன்று குலுங்கும்.
"இது தாங்கும். உள்ள வாயு அடைச்சிருக்கு. பனி ஏறாது."

கந்தப்பளையில் பனி ஏறாதது எது?
தீப்பெட்டிக்குள் ஏறும்.
உப்புப் போத்தலுக்குள் ஏறும்.
அடகுச் சீட்டில் என் பெயர் பாதி ஊறிப்போயிற்று.

வாசலுக்குப் போய்க் கண்ணில் வைத்துப் பார்த்தேன்.
பஸ் தரிப்பிடத்தில் ஒருவன் வடையைப் பிய்த்து
மிளகாயைத் தேடி எடுத்து வீசினான்.
மிளகாயின் காம்பு தெரிந்தது.

ஒன்பதாயிரம்.
கதிரேசு முதலாளி லீக்ஸ் கிலோவுக்குத் தருவது தொண்ணூறு.
எனக்குக் காசு கிலோவில்தான் எண்ண வரும்:
நூறு கிலோ.
எஸ்தாக்கியின் பங்கு கையில் இருந்தது,
சோமபாலவுடையது மாத முடிவில்.
துவக்கு எங்கள் மூன்று பேருக்கும் பொது,
குரங்கும் அப்படித்தான்.
நானா ஒரு சதம் குறைக்கவில்லை.
திருகாணி முடுக்கும் சின்னச் சாவி ஒன்றைச் சும்மா தந்தார்.

மூன்று நாள் குறி சரி பார்த்தேன்.
பிஸ்கட் பெட்டி அட்டை, நடுவில் கரிப்பொட்டு.
முதல் நாள் குண்டு பக்கத்துக் கூடைக்குப் போனது.
மறுநாள் அட்டையின் காது.
மூன்றாம் நாள் பொட்டு பொத்தலானது, ரெண்டு தரம்.

நாலாம் நாள் விடிய அவை வந்தன.
பனியும் வந்தது.
கண்ணாடிக்குள் ஒரு துளி இல்லை,
நானா சொன்ன சொல் சொன்னதுதான்.
சிலுவைக் கோடு கத்தி மாதிரி நின்றது.
அதற்கப்பால் வெள்ளை.
வெள்ளைக்குள்
கறுக்மொறுக்கென்று கரட் கடிபடும் சத்தம்.
தகர டின்னைத் தட்டினேன், போன வருஷம் போல,
அதற்கு முந்தின வருஷம் போல.

பத்து மணிக்கு வெளித்தது.
கீழே மூன்றாம் வளைவில் முதலாளியின் லொறி.
ஆள் நடமாடுகிற பக்கம் துவக்கைத் தூக்கக் கூடாது.
அதை ஆணியில் மாட்டிவிட்டு
சின்னச் சாவியால் கண்ணை மட்டும் கழற்றினேன்.
மூன்று நாள் குறி போயிற்று. போகட்டும்.

எங்களுக்கு முதுகைக் காட்டியே நிற்கும் சோக்குப் பலகை,
இன்றைக்கு லொறி மேல்பக்கம் நின்றதால்
மலைக்கு முகம் காட்டியது.
கரட், அழிந்திருந்தது.
கோவா, மழையில் வழிந்திருந்தது.
லீக்ஸ் நூற்றைம்பது.

கண்ணைத் துடைத்தேன், கண்ணாடியையும்.
ஒன்று. ஐந்து. சைபர்.
அப்படியானால் நான் வாங்கியது நூறு கிலோவுக்கு இல்லை.
அறுபது.

சோமபாலவைக் கூப்பிட்டேன். பார்த்தான்,
வாயால் ஒன்றும் சொல்லவில்லை.
எஸ்தாக்கி பார்த்தான்,
கொடு என்றாலும் கொடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றான்.

பின்னால் பாத்திக்குள் ஏதோ சரசரத்தது.
யாரும் திரும்பவில்லை.